முகம் கொடுக்கப்பட்டவர்கள்

பழைய ரோமானியக் காசுகளைச் சேர்ப்பவர்களிடம் எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் முகங்களுக்காக என்பதுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஒருவரின் மூக்கையும் தாடையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் கிளர்ச்சியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இத்தாலியக் கவிஞர் பெட்ராக் 1354இல் பேரரசர் நான்காம் சார்லசைச் சந்தித்தபோது, ரோமானிய அரசர்களின் முகம் பொறித்த காசுகளைப் பரிசாகக் கொடுத்து, இவர்களைப் பின்பற்றுங்கள் என்று அறிவுரையும் சொன்னார். அவருக்கு அந்த முகங்கள் முன்மாதிரிகள். இன்றைய சேகரிப்பாளர்கள் பலரின் கனவு, சூட்டோனியஸ் வரலாறு எழுதிய ‘பன்னிரண்டு சீசர்’களின் வரிசையை முழுமையாகச் சேர்த்து முடிப்பது. பன்னிரண்டும் ஆண் முகங்கள்.

பெண் முகங்களும் ரோமானியக் காசுகளில் உண்டு. ஆனால் அட்டவணைகளில் அவர்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மகள் என்று ஓர் ஆணின் தலைப்புக்குக் கீழேதான் வருகிறார்கள். அதிகாரம் ஒரு பெண்ணுக்கு முகம் கொடுக்கும்போது அவளை அங்கீகரிக்கிறதா, பயன்படுத்திக்கொள்கிறதா? அந்த முகத்தை விலை கொடுத்து வாங்கி ரசிப்பவர் எதை ரசிக்கிறார்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

54ஆம் ஆண்டில் நீரோ பதினாறு வயதில் அரியணை ஏறினான். அப்போது வெளிவந்த பொன், வெள்ளிக் காசுகளில் அவனும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். முகங்களைச் சுற்றி எழுதியிருப்பது தாயின் பெயரும் பட்டங்களும். பேரரசனின் பெயர் பின்பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். மகன் முன்னால் இருக்க, அவனுக்குப் பின்னால் ஒரு விளிம்புக்கோடாகத் தாய் தெரிகிறாள். பெயர்களும் பக்கம் மாறிவிட்டன. அதன்பின் ரோம் அக்கசாலையின் காசுகளில் அவள் முகம் இல்லை. 59இல் மகனின் ஆணைப்படி அவள் கொல்லப்பட்டாள். பழைய வரலாற்றாசிரியர்கள் அவளைப் பேராசைக்காரி என்றார்கள். ஆட்சியை விரும்புவது மகனுக்கு உரிமை, தாய்க்குக் குற்றம் என்ற அளவுகோலை அந்த இரண்டு காசுகளும் நமக்குக் காட்டிவிடுகின்றன.

மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி இளைய ஃபாஸ்டீனாவின் காசுகளில் கூந்தல் ஒப்பனை மாறிக்கொண்டே இருக்கும். கொண்டையின் உயரத்தையும் வகிட்டின் அலைகளையும் வைத்துச் சேகரிப்பாளர்கள் அவற்றை வகை பிரித்து மகிழ்வார்கள். கிளவுஸ் ஃபிட்ஷென் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982இல் இந்த மாற்றங்களை அவளுடைய பிரசவங்களோடு பொருத்திப் பார்த்தார். ஒரு குழந்தை பிறந்ததை ஒட்டி ஒரு புதிய உருவம் வெளிவந்தது என்பது அவர் கருத்து. காசின் பின்பக்கத்தில் ‘ஃபெகுண்டிடாஸ்’, அதாவது பிள்ளைப்பேறு, ஒரு தெய்வமாக நிற்கிறது. ஃபாஸ்டீனா பெற்ற குழந்தைகள் பன்னிரண்டுக்குக் குறையாது. அவர்களில் பலர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். காசு பிறப்புகளை மட்டும் கொண்டாடியது. புதைத்த குழந்தைகளுக்காக ஒரு தாய் அழுததற்கு அதில் இடமில்லை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்திவிட்டு, பெறாதவளைக் கல்யாண வீட்டில் ஒதுக்கி நிறுத்தும் நமக்கு இந்தக் காசின் மொழி அந்நியமல்ல.

பிளாட்டில்லாவின் கதை இன்னும் சுருக்கமானது. 202இல் அவளைக் காரகல்லாவுக்கு மணமுடித்தார்கள். காசில் கணவனும் மனைவியும் கைபிடித்து நிற்கிறார்கள். சுற்றிலும் ‘நிலைத்த ஒற்றுமை’ என்ற எழுத்து. அவன் அவளை வெறுத்தான் என்று அக்காலத்திலேயே வாழ்ந்த காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். 205இல் அவளுடைய தந்தை வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட, அவளைத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். 211இல் தந்தை செவரஸ் இறந்தபின் காரகல்லா அவளைக் கொல்லச் செய்தான். ஸ்ட்ராட்டோனிகேயா நகரத்துக் காசுகளில் அவனுக்கு எதிரே இருந்த அவளுடைய முகத்தைச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். கைபிடித்த காட்சியோ இன்றும் காதல் பரிசுபோல் விற்பனைக்கு வருகிறது.

பெயரே இல்லாத ஒருத்தியும் இருக்கிறாள். எருசலேம் 70இல் வீழ்ந்தபின் வெஸ்பேசியன் வெளியிட்ட காசுகளில், பேரீச்ச மரத்தடியில் தலையைக் கையில் சாய்த்து ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ‘யூதேயா பிடிபட்டது’ என்கிறது எழுத்து. தோற்ற நாட்டைக் காட்ட ஒரு பெண்ணுடல் தேவைப்பட்டது. முன்பக்கத்தில் வென்றவனுக்குப் பெயரும் முகமும், பின்பக்கத்தில் அவளுக்கு அழுகை மட்டும்.

சேகரிப்பாளர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. காசுகள் இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பதே தெரிந்திருக்காது. பெயரில்லாத பல பளிங்குத் தலைகளை அடையாளம் கண்டதும் காசுகளோடு ஒப்பிட்டுத்தான். அழிந்துபோவதைவிடச் சேகரித்து வைப்பது மேல் என்பது வலுவான வாதம். ஆனாலும் எதைக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வி எஞ்சுகிறது. தேயாத, கீறாத, அழகான முகத்துக்குத்தான் சந்தையில் மதிப்பு. அரசு எந்த முகத்தைக் காட்ட விரும்பியதோ, அதையே நாமும் தேர்ந்தெடுத்து உயர்த்துகிறோம். காசு கிடைத்த மண்ணிலிருந்தும், உடன் புதைந்திருந்த பொருள்களிலிருந்தும் அதைப் பிரித்து விற்றுவிட்டால், அதைப் பயன்படுத்தியவர்களின் கதை முற்றாக மறைந்துபோகிறது. எஞ்சுவது பேரரசனின் குரல் மட்டும்.

இதற்கு மாற்றான ஒரு சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இனி இது நாணயமல்ல, வெறும் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் விளக்குகிறார்கள். சேகரிப்பாளரின் தராசில் அந்த வெட்டு ஒரு பழுது. எனக்கோ அந்தக் காசிலேயே ரோமின் அரசு எழுதாத ஒரே வரி அதுதான். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் சிலவற்றில் துளையோ வளையமோ இருக்கிறது, கோத்து அணிந்திருக்கிறார்கள். உலகை ஆண்டவன் யாரோ ஒருவரின் கழுத்தில் தொங்கியிருக்கிறான்.

அதே காலத்தில் ரோமில் இருந்த பிளினி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரேபியாவுக்கும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறதென்று கணக்குப் போட்டு, பழியை ஆடம்பரத்தின்மீதும் பெண்கள்மீதும் போட்டார். மிளகு போட்ட கறியை ரோமின் ஆண்களும்தான் உண்டார்கள். பெருமைக்கு ஆண் முகம், இழப்புக்குப் பெண் பெயர்.

காசுகளைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த முகத்தைக் கையில் எடுப்பவர் சில கேள்விகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். இதைச் செதுக்கச் சொன்னது யார்? பின்பக்கத்தில் அவளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? எந்த ஆண்டுக்குப் பிறகு அவளைக் காணோம்? இந்தக் கேள்விகள் பழங்காசோடு முடிவதில்லை. விளம்பரப் பலகையிலும் கட்சிச் சுவரொட்டியிலும் நம்மில் ஒருத்தியின் முகத்தைப் பார்க்கும்போதும் இதே வரிசையில் கேட்டுப் பார்க்கலாம்.