மனமரத்தல் துறவாகாது

மெய்யன்பர்களாகிய சைவாசிரியர்களே!

திருவருளை முன்னிட்டு ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள் மனமரத்தல் என்பது. மரத்தலாவது யாது? நெடுநேரம் மடக்கியிருந்த கால், தன்னைத் தொடுவாரையும் அறியாது கிடத்தல் போல, நெஞ்சமானது தன்பால் வரும் இன்பத்தையும் துன்பத்தையும் அறியாது கிடத்தலாம். அக்கால் இறந்துபட்டதன்று, அழுத்தத்தினால் உணர்ச்சி தடைப்பட்டதேயாம். அங்ஙனமே மரத்த நெஞ்சின்கண்ணும் அன்பு அழிந்தொழியவில்லை. வெளிப்படும் வழி அடைபட்டு நிற்கின்றது.

இந்நோய் ஆசிரியத் தொழிலாளர்க்கு எளிதில் வந்து பற்றுவது. ஆண்டுதோறும் அதே பாடம், அதே மணியோசை, அதே வரவுப் பதிவு. பிள்ளையொன்று கண் கலங்கி வந்து நின்றால், "உன் இடத்தில் இரு" என்பதன்றி வேறு சொல் நாவில் எழுவதில்லை. காலை வழிபாட்டில் வாய் தேவாரம் ஓதும். நெஞ்சம் எங்கும் இராது. இந்நிலை உற்றார் சிலர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வான் வேண்டி, "பற்று நீங்கிற்று, பக்குவம் வந்தது" என்று சொல்லிக்கொள்வர். பெரிதும் அஞ்சத்தக்கது இதுவே. நோயை நலமென்று கருதுவோன் மருந்து தேடான் அன்றோ?

ஆதலின் பற்றின்மை வேறு, உணர்வின்மை வேறு என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். நம் சித்தாந்தம் ஆன்மாவுக்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலை கூறும். ஆணவ இருளுள் மூழ்கி, அறிவும் இச்சையும் செயலும் விளங்காது கிடக்கும் நிலை கேவலம். மலம் நீங்கித் திருவடியிற் கலந்து நிற்கும் நிலை சுத்தம். இரண்டினும் உலகப் பற்று இல்லை என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒற்றுமையாகத் தோன்றும். ஆயினும் ஒன்று நள்ளிருள், மற்றொன்று நண்பகல். இருளிலும் பொருள்கள் தோன்றா. ஞாயிற்றை நேரே நோக்குவான் கண்ணுக்கும் பிற பொருள்கள் தோன்றா. அதுபற்றி இரண்டும் ஒன்றெனல் கூடுமோ?

இன்னும் ஒரு சான்று கூறுதும். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆயது. அதன் இறுதிச் சூத்திரம் மலம் கழுவப்பெற்ற ஞானி எங்ஙனம் ஒழுகுவான் என்பதனைக் கூறுகின்றது. அவன் குகையுள் ஒளிந்து ஒருவரையும் நோக்காதிருப்பான் என்று அது கூறவில்லை. அன்பரோடு கூடியிருந்து, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுவான் என்றே விதிக்கின்றது. வீடுபேற்றின் வாயிலில் நிற்பானுக்கும் கூட்டமும் அன்பும் வேண்டுமாயின், வகுப்பறையில் நிற்கும் நமக்கு அவை வேண்டா என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, நெஞ்சம் ஏன் மரக்கின்றது என்பதனை நோக்குவோம். திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு இதனை நாம் விரித்துரைத்தல் மிகை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. 1964ஆம் ஆண்டு டிசம்பரிற் சூறாவளி கூரைகளை வாரிக்கொண்டு போயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மூதூர், கிண்ணியா முதலிய கரையூர்களுட் புகுந்தது. 2009ஆம் ஆண்டுவரை நீண்ட போரோ பிரிவையும் இழப்பையும் வீடுதோறும் வைத்துச் சென்றது. இத்தனையும் கண்டார் நெஞ்சம் தன்னைக் காத்துக்கொள்வான் பொருட்டு மூடிக்கொண்டதாயின், அதனைக் குற்றம் என்று கூறுதல் தகாது. அஃது ஒரு கேடயம். ஆனால் போர் முடிந்த பின்னரும் கேடயத்தைக் கீழே வையாதவன் தன் குழந்தையை இரு கையாலும் எடுத்து அணைக்க மாட்டான். நாம் கவலுவது இது குறித்தே.

இதற்கு மருந்து யாது? இறைவன் கேவலத்திற் கிடந்த ஆன்மாவை எவ்வாறு எழுப்புகின்றான் என்று பார்ப்பின் மருந்து தானே விளங்கும். அவன் அவ்வுயிரை நோக்கி, "உணர்க" என்று ஆணையிட்டு வாளா இருக்கவில்லை. உடம்பும், கருவிகளும், உலகும், நுகர்பொருளும் ஆகிய தனு கரண புவன போகங்களை மாயையினின்று ஆக்கிக் கொடுக்கின்றான். அவற்றைக் கொண்டு உயிர் சிறிது சிறிதாக அறியவும் விழையவும் செய்யவும் தொடங்குகின்றது. இதன்கண் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. யாதோர் உணர்ச்சியும் ஒரு கொடையினால் எழுகின்றது என்பது ஒன்று. ஆகவே கொடையை நினைத்தல், அஃதாவது நன்றியறிதல், முதல் மருந்து. முன்பு இல்லாத ஒன்றிற் பழகுதலினால் உறங்கிய அறிவு விழிக்கின்றது என்பது மற்றொன்று; ஆகவே புதியது முயலுதல் இரண்டாம் மருந்து.

நன்றியறிதல் என்றவுடன் ஓர் ஐயம் எழும். "எல்லாம் இழந்தார்க்கு எதற்கு நன்றி? இழப்பையும் வாழ்த்தல் வேண்டுமோ?" என்பர். வேண்டா. இதற்கு விடை சுவாமிமலையின் உச்சியிலே இருக்கின்றது.

கோணேசப்பெருமானது திருக்கோயில் 1620களிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. வழிபடச் செல்வார் இன்றும் அக்கோட்டை வாயிலினூடேயே செல்கின்றனர். கோயில் போயிற்று, திருவுருவங்கள் மறைந்தன, மதில்கள் போயின. ஆனால் வழிபாடு போயிற்றோ? பிரித்தானியர் காலத்து நூல்களை நோக்குமின். அடியார்கள் மலைமுனையிற் கூடுவர், பூசகர் செங்குத்தான பாறையின் விளிம்பில் நின்று பூவும் தேங்காயும் வெற்றிலையும் கடலில் இட்டு வழிபடுவர், கர்ப்பூரம் ஏற்றப்படும். இங்ஙனம் வெறும் பாறையின்மேல் வழிபட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அவர்கள் இடித்தவனை வாழ்த்தினாரல்லர். இழப்பை இன்பமென்று பொய் கூறினாருமல்லர். எஞ்சியிருந்தது யாது என்று நோக்கினர். பாறை எஞ்சியிருந்தது, கடல் எஞ்சியிருந்தது, கையில் ஒரு பூ எஞ்சியிருந்தது. அவ்வெஞ்சியதனுக்கு நன்றி செலுத்தினர். "கோயில் இல்லையே, இனி எதற்கு?" என்று அவர்கள் நெஞ்சை மூடிக்கொண்டிருப்பின், பின்னர்க் கோயில் எழுப்புவார்தாம் யாவர்?

அந்நன்றியின் பயனையும் கேண்மின். 1950ஆம் ஆண்டிற் கிணறு தோண்டியவிடத்துப் பழைய திருவுருவங்கள் மண்ணினின்று வெளிப்பட்டன. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க் என்னும் எழுத்தாளரும் அவருடைய தோழர் மைக் வில்சனும் மலையடியில் கடலுள் மூழ்கிப் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963ஆம் ஆண்டிற் புதிய கோயிலுக்குக் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியிற் பூவிடும் கை ஓயாதிருந்தமையாலன்றோ, வெளிப்பட்டவை பழம்பொருட்சாலைக்கே உரிய கல்லும் செம்புமாகாது, மக்கள் கண்ணீரோடு எதிர்கொண்ட மூர்த்திகளாயின?

இனி இரண்டாம் மருந்தாகிய புதியது முயலுதலை ஆராய்வோம். மேற்கூறிய வரலாற்றிலேயே அதுவும் உளது. கடலின் மேற்பரப்பை நோக்கினார் எண்ணிறந்தார். அதனுள் மூழ்கினார் சிலரே. மூழ்கியவருள் ஒருவராகிய மைக் வில்சன் பிறப்பால் ஆங்கிலேயர். படம் பிடித்தலும் கடலுள் நீந்துதலும் அவர் தொழில். பின்னாளில் அவர் அவ்வாழ்க்கையை விடுத்துச் சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு சந்நியாசியாய் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். ஒருவன் ஒரு புதிய நீரில் இறங்குங்கால், அந்நீர் அவனை எங்குக் கொண்டு செல்லும் என்பது அவனுக்கும் தெரியாது.

"புதியதை நாடுதல் நிலையின்மை அன்றோ? மரபுக்கு அது பகையன்றோ?" என்று வினவுவார்க்கு நாவலர் பெருமானைக் காட்டுவோம். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அவ்வகைப் பிரசங்கம் அக்காலத்துச் சைவக் கோயிலுக்குப் புதிது. பிள்ளைகள் பயிலும் எளிய உரைநடைப் பாடநூல் புதிது. சைவத்தின் பொருட்டு நிறுவிய அச்சுக்கூடம் புதிது. பழைய பொருளைக் காத்தற்பொருட்டே அவர் புதிய கருவிகளைக் கையாண்டார். புதியதை நாடுதல் இருவகைத்து. இருப்பதை வெறுத்து ஓடுதற்கு நாடுவது ஒன்று. இருப்பதனை மீண்டும் காண்டற்கு நாடுவது மற்றொன்று. முன்னையது கேளிக்கை; பின்னையதே நாம் கூறும் முயற்சி.

இவ்விரண்டு மருந்தையும் ஒருங்கே உண்டு உய்ந்தார் ஒருவரைப் பெரியபுராணம் நமக்குக் காட்டுகின்றது. அவர் திலகவதியார். தந்தையார் புகழனார் இறந்தார். தாயார் மாதினியாரும் உடன் இறந்தார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரோ போர்க்களத்தில் உயிர் துறந்தார். ஒரு பெண்ணின் நெஞ்சம் கல்லாய்ப் போதற்கு இவற்றினும் வேறு வேண்டுமோ? உயிர்விடத் துணிந்த அவர், தம்பியாரின் பொருட்டு உயிர் தாங்கினார். எஞ்சியிருந்தது ஒரு தம்பி. அதனைக் கருதி வாழ்ந்தார். பின் அத்தம்பியும் வேற்றுச் சமயம் புக்கார். அப்பொழுதும் அவர் வாளா இருந்திலர். திருவதிகை சென்று, திருவலகிடுதலும் மெழுகுதலும் மாலை தொடுத்தலும் ஆகிய தொண்டினைக் கையினாற் செய்யத் தொடங்கினார். கை அசைய அசைய நெஞ்சம் உயிர்த்தது. தம்பியார்க்காக இறைவனை வேண்டும் இரக்கம் அதனுள் வற்றாதிருந்தது. சூலைநோய் கொண்ட மருணீக்கியார் ஆளனுப்பித் தமக்கையாரைத் தேடியபோது, திருநீறு கொடுத்து ஏற்றற்கு அங்கே ஓர் ஈரநெஞ்சம் இருந்தது. அத்தமக்கையார் மரத்துப் போயிருப்பின் நமக்குத் திருநாவுக்கரசர் ஏது?

இவ்விடத்தில் மற்றொன்றும் கருதற்பாலது. நாவுக்கரசர் தம் நோயை மறைத்துக்கொண்டு தனியே கிடந்திலர், உற்றாரிடம் ஆளனுப்பினார். ஆதலின் உறக்கமும் உணவும் நீங்கி, நாட்கள் பல சென்றும் இருள் அகலாதார், உடனுறைவாரிடம் வாய்விட்டுச் சொல்லுதலும் மருத்துவரை நாடுதலும் கடன். அது பத்திக் குறைவாகாது. மருத்துவரும் திருவருள் நமக்குக் கொடுத்த கருவியே.

அன்பர்களே, இவற்றை நம் பள்ளிகளில் எவ்வாறு நடைமுறைப்படுத்துவது? பெரிய விரதங்கள் வேண்டா. நாடோறும் பாடம் தொடங்குமுன், நாமும் பிள்ளைகளும் நேற்றுப் பெற்ற ஒரு கொடையைப் பெயர் சொல்லி நினைப்போமாக. "இறைவன் எல்லாம் தந்தான்" என்று பொதுவாகக் கூறின் நாவு மட்டுமே அசையும். இருட்டிற் கடல் சென்று மீன் கொணர்ந்தவர், விடியுமுன் அப்பம் சுட்ட தாயார், நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர், மலைநாட்டிற் பிறந்து நெடுவழி நடந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மகாவலி கங்கை எனத் தனித்தனியே கூறுதல் வேண்டும். பெயர் சொல்லுங்கால் முகம் தோன்றும்; முகம் தோன்றின் நெஞ்சு இளகும்.

திங்களுக்கு ஒன்றாகிலும் முன்பு செய்யாத ஒன்றைச் செய்வோமாக. திருஞானசம்பந்தர் கோணமாமலைக்கு அருளிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. அவர் இக்கடலைக் கடந்து வந்தாரல்லர். இராமேச்சுரத்தினின்றே தொழுது பாடினார் என்பர். காணாத மலைக்கு அவர் அத்துணை அன்பு செலுத்த, நாடோறும் காணும் நாம் அப்பதிகத்தைப் பண்ணோடு ஓதக் கற்றோமோ? ஓதுவார் ஒருவரிடம் பிள்ளைகளோடு நாமும் மாணவராய் அமர்வோமாக. கற்பிப்பவன் மீண்டும் கற்கும்போது, கல்லாத பிள்ளையின் இடர்ப்பாடு அவனுக்கு விளங்கும். விளங்கவே கடுஞ்சொல் குறையும். மாலை தொடுக்கத் தெரிந்த பாட்டியாரைப் பள்ளிக்கு அழைத்து அதனைக் கற்கலாம். உழவாரத் தொண்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், மேற்பார்வை செய்து நில்லாது தாமும் குனிந்து புல்லைச் செதுக்கலாம்.

கன்னியாவுக்கும் ஒருமுறை சென்று வருவோமாக. ஏழு சிறு கிணறுகள் அங்கே அருகருகே உள்ளன. ஒவ்வொன்றின் வெம்மையும் வெவ்வேறு. இராவணன் தன் தாயாருக்குக் கடன் கழிக்கும்பொருட்டு உண்டானவை என்பது கேள்விவழி. இறந்தார்க்குக் கடன் செய்வார் இன்றும் அங்கே செல்வதுண்டு. மேலே நிலம் குளிர்ந்து கிடப்பினும் கீழே வெம்மை அடங்கவில்லை என்பதனை அந்நீர் காட்டுகின்றது. மரத்த நெஞ்சும் அத்தகையதே. ஒரு வாளி எடுத்து மேலே ஊற்றிக்கொள்ளும் முயற்சி ஒன்றே நம்முடையது. வெம்மை முன்னரே உளது.

நமது துறைமுகத்தின் பெருமை யாது? ஆழமும் அரணும் என்பர். ஆழம் உண்டு, மலைகள் சூழ்ந்த காப்பும் உண்டு. ஆயினும் அதன் வாய் கடலுக்குத் திறந்திருத்தலாலன்றோ அது துறைமுகமாயிற்று? காப்பை மட்டும் விரும்பி வாயையும் அடைத்திருப்பின் அஃது ஓர் உவர்க்குளமாய் முடிந்திருக்கும். ஒரு கலமும் வந்து தங்காது. ஆசிரியன் நெஞ்சமும் அவ்வாறே ஆதல் வேண்டும். ஆழமும் அடக்கமும் அதற்கு அழகு. ஆயினும் புயலுக்கு அஞ்சி வந்த சிறு தோணி புகுதற்கு வாயில் திறந்திருத்தல் வேண்டும். நாளைக் காலையிலும் நம் வகுப்பில் அத்தகைய தோணி ஒன்று வந்து நிற்கும்.

அதனை ஏற்கும் ஈரநெஞ்சத்தை, மாதுமையம்மை உடனாய கோணேசப்பெருமான் நம் அனைவர்க்கும் தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.