பணம் கொடுத்தால் கடன் தீர்ந்ததா?

"என் காசு, என் வாகனம், யார் கேட்பது?" என்பார் உளர். 2022 யூலையில் நம் நாட்டில் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது, முச்சக்கர வண்டிக்கு வாராந்தம் 5 லீற்றரே கிடைத்தது. அதற்குள் உழைத்தே சாரதி தம் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் பெரிய ஜீப் வண்டியோ, 30 கிலோமீற்றர் பயணத்தில் அந்த 5 லீற்றரையும் குடித்துவிடும். 15 கிலோமீற்றர் ஓடும் சிறிய காருக்கு 2 லீற்றர் போதும்.

எரியும் ஒவ்வொரு லீற்றர் பெற்றோலும் பூமியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டை ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காற்றில் சேர்க்கிறது. காற்று பொதுச்சொத்து, எரிபொருள் வாங்கும் அந்நியச் செலாவணியும் பொதுச்சொத்தே. நாம் கொடுக்கும் காசு அயலவனின் இழப்பை ஈடுசெய்யாது.

பாரம் ஏற்றுவோருக்குப் பெரிய வாகனம் தேவை. பெருமைக்காக ஓட்டுவோர் சிந்திக்கட்டும்: வசதி இருப்பது வேறு, நியாயம் இருப்பது வேறு.