சிவப்பு டீசலும் தடத்த இலக்கணமும்

ஒரு பொருளிடத்தில் காணப்படும் பண்பு அப்பொருளின் இயல்பிலேயே உள்ளதா, பிறிதொன்றன் சேர்க்கையால் வந்து ஒட்டியதா என்னும் வினாவை இந்திய மெய்யியல் மரபுகள் அனைத்தும் ஏதேனும் ஒரு வகையில் எதிர்கொண்டுள்ளன. வைசேடிகர் பொருளைத் திரவியம் என்றும், அதைவிட்டுப் பிரியாமல் அதில் உறைவதைக் குணம் என்றும் பிரித்து, நிறம், நெகிழ்ச்சி, நெய்ப்பு உள்ளிட்ட 24 குணங்களை எண்ணிக் காட்டினர். சைவ சித்தாந்திகளோ ஒரு பொருளின் தன்னியல்பை உணர்த்துவதைச் சொரூப இலக்கணம் என்றும், பிறவற்றைச் சார்ந்து நின்று அப்பொருளை அடையாளம் காட்டுவதைத் தடத்த இலக்கணம் என்றும் இரண்டாகப் பகுத்தனர். இறைவனையும் உயிரையும் ஆராய்வதற்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டின் கூர்மையை உலகியல் பொருள் ஒன்றில் வைத்துச் சோதிப்பது தவறன்று. தருக்க நூல்கள் குடத்தையும் துணியையும் அடுப்பங்கரைப் புகையையும் வைத்தே பாடம் சொல்லின. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980களிலும் 1990களிலும் உருவாகி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிரக்குகளுக்கு ஊற்றப்படும் டீசல் அத்தகைய ஒரு பொருள். சிவப்பு டீசல் வேறு, தெளிந்த டீசல் வேறு என்பதும், கந்தகம் போனதால் டீசலின் உயவு போயிற்று என்பதும், சேர்க்கைப் பொருள் ஒரு புட்டி ஊற்றினால் இழந்த இயல்பு மீளும் என்பதும் அவ்வண்டிகளை வைத்திருப்போரிடம் வழங்கும் மூன்று கருத்துகள். மூன்றும் பண்பைப் பற்றிய தீர்ப்புகளே எனினும், அவை பிழைபடும் இடங்கள் வெவ்வேறானவை.

முதலில் நிறம். சாயமிடாத டீசல் ஏறத்தாழ நிறமற்றதாகவோ, வெளிர் மஞ்சளாகவோ, தேனிறமாகவோ இருக்கும். நெடுநாள் தேங்கிக் கிடந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து கருக்கும். சிவப்பு அதன் இயல்பில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் 1993 அக்டோபரில், சாலையில் ஓடும் வண்டிகளுக்கான டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்குக்குமேல் இருக்கலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, அவ்வரம்பை மீறிய டீசலைப் பிரித்தறியும் பொருட்டு அதில் சாயம் கலக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆணையிட்டது. அப்போது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது நீலம். சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினுக்குரிய 100 எல்எல் என்னும் பெட்ரோலும் நீலமாகவே இருந்தமையால், ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஊற்றிவிடும் ஆபத்து சுட்டிக்காட்டப்பட்டு, நீலம் கைவிடப்பட்டுச் சிவப்பு ஏற்கப்பட்டது. 1994 ஜனவரி முதல் வருவாய்த்துறையும் சாலை வரி செலுத்தப்படாத டீசலுக்கு அதே சிவப்பை விதித்தது. அதன் அளவு, ஆயிரம் பீப்பாய்க்கு 3.9 பவுண்டு திடச்சாயத்துக்கு நிகரானது, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம். உழவு எந்திரங்களுக்கும் கட்டுமான எந்திரங்களுக்கும் உரிய இந்த டீசலைச் சாலையில் ஓடும் டிரக்கில் ஊற்றுவோர், காலனுக்கு 24.4 சென்ட் என்ற ஒன்றிய வரியை ஏய்த்தவராகக் கருதப்பட்டு, 1000 டாலர் அல்லது காலனுக்கு 10 டாலர் என்ற இரண்டில் எது கூடுதலோ அதைத் தண்டமாகக் கட்ட நேரும்.

நீலமாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, ஓர் அலுவலகத் தீர்மானத்தால் சிவப்பாயிற்று என்பதே அந்நிறம் பொருளின் சொரூபத்தைச் சேர்ந்ததன்று என்பதற்குப் போதிய சான்று. தேவதத்தன் வீடு எது என்று கேட்டவனுக்கு, அதோ காகம் அமர்ந்திருக்கும் வீடு என்று காட்டுவதைத் தடத்த இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக நூலோர் கூறுவர். காகம் வீட்டின் உறுப்பன்று, ஆயினும் பிற வீடுகளிலிருந்து அவ்வீட்டைப் பிரித்துக் காட்டும் பணியை அது செய்கிறது. சிவப்புச் சாயம் டீசலின் மேல் அமர்ந்த காகம். ஆனால் இங்கு மரபு எண்ணிப் பாராத ஒரு நிலையும் உண்டு. தொடக்கத்தில் சிவப்பு என்பது கந்தகம் மிகுந்தது என்பதையும், வரி செலுத்தப்படாதது என்பதையும் ஒருசேரக் குறித்தது. 2006இல் சாலை டீசலின் கந்தக வரம்பு 15 பங்காகக் குறைக்கப்பட்டு, 2010இல் பண்ணை, கட்டுமான எந்திரங்களின் டீசலுக்கும் அதே வரம்பு விரிவாக்கப்பட்டபின், சிவப்பு குறித்த இரண்டு பொருள்களுள் ஒன்று உதிர்ந்துபோய், வரிக்குறிப்பு மட்டும் எஞ்சியது. காகம் அதே இடத்தில் அமர்ந்திருக்க, அதன் கீழிருந்த வீடு மாறிவிட்டது. சிவப்பு டீசல் கந்தகம் நிறைந்தது, ஆகவே பழைய எஞ்சினுக்கு நல்லது என்று ஒருவரும், ஆகவே அழுக்கானது என்று மற்றொருவரும் இன்றும் வாதிடுவது, சுட்டப்பட்ட பொருள் மாறிய பின்னும் சுட்டையே பொருளாகப் பற்றிக்கொண்டிருப்பதால் விளைவது. இலக்கணத்தின் குற்றங்களாகத் தருக்க நூலார் கூறும் மூன்றனுள் இது அதிவியாத்தி, அதாவது குறிக்கக் கருதியதைக் கடந்து பிறவற்றின்மேலும் சென்று படிதல்.

செம்பரத்தைப் பூவின் அருகில் வைத்த பளிங்கு சிவப்பாகத் தோன்றுவதையும் இங்கு நினைக்கலாம். பளிங்கின் சிவப்பு தோற்ற அளவில் நிற்பதால், பூவை அகற்றியதும் அது நீங்கும். டீசலின் சிவப்போ உண்மையான கலப்பு. உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் என்று சித்தாந்தம் கூறும் தன்மைக்குப் பளிங்கு எத்துணைப் பொருத்தமோ, அத்துணைப் பொருத்தம் சாயமிட்ட டீசலுக்கு இல்லை. எனினும் அகற்ற முடியாத கலப்பு அன்று இது என்பதை அயர்லாந்தின் எல்லைப் பகுதியில் நடந்த ஏமாற்றுத் தொழில் காட்டிற்று. வட அயர்லாந்தின் வரிகுறைந்த சிவப்பு டீசலையும், தெற்கே அயர்லாந்துக் குடியரசின் பச்சை டீசலையும் அமிலங்களாலும் சாயத்தை உறிஞ்சும் களிமண்ணாலும் வெளுத்து, முழு விலைக்கு விற்றவர்கள் பலர்; வெளுத்தபின் எஞ்சிய நச்சுக்கசடு சாலையோரங்களில் கொட்டப்பட்டது. ஆடை வெளுப்பவர் உவர்மண்ணைச் சேர்த்து அழுக்கையும் மண்ணையும் ஒருங்கே நீக்குவதை, மாயை மலத்தைக் கழுவ உதவும் முறைக்கு உவமையாகச் சித்தாந்தம் கூறும். இங்கே சாயம் போயிற்று, ஆனால் அமிலத்தின் எச்சம் டீசலில் தங்கி, வாங்கியவரின் பம்பையும் சீல்களையும் அரித்தது. ஐரோப்பிய அரசுகள் கண்ணுக்குப் புலப்படாத வேதிக்குறிப்பான்களை நாடியதற்கு இத்தகைய ஏமாற்று ஒரு காரணம். இந்தியாவில் பங்கீட்டு மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் இடப்பட்டதும் டீசலில் அதைக் கலப்போரைக் கண்டறியும் இதே நோக்கத்தால்தான்.

சாயம் ஆகந்துகம், அதாவது இடையில் வந்து சேர்ந்தது. கந்தகம் அவ்வாறன்று. கச்சா எண்ணெய் நிலத்தடியில் உருவான காலம்தொட்டு அதனுடன் இருப்பது கந்தகம்; செம்பிற் களிம்பு போலச் சகசமானது, அதாவது உடன்பிறந்தது என்று ஆணவ மலத்துக்குச் சொல்லப்படும் சொல்லை இதற்கு இட்டு வழங்கலாம். சுத்திகரிப்பு ஆலையில் உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தி, கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றி வெளியேற்றுகின்றனர். அப்போதும் அது முற்றும் ஒழியாது, வரம்புக்குட்பட்டு எஞ்சும். இவ்வேலை பழைய டிரக்குகளின் பொருட்டுச் செய்யப்பட்டதன்று. 2007 முதல் வந்த வண்டிகளில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டிகளும் வினையூக்கிகளும் பொருத்தப்பட்டன. கந்தகம் அவற்றைக் கெடுக்கும் என்பதற்காகவே அனைவருக்கும் பொதுவான எரிபொருள் மாற்றப்பட்டது. அம்மாற்றத்தால் காற்று தூய்மையுற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சுமையின் ஒரு பகுதி, அவ்வடிகட்டிகளே இல்லாத பழைய எஞ்சின்களின் மேல் விழுந்தது.

அச்சுமையை விளக்கும்போதுதான் இரண்டாவது கருத்து, அதாவது கந்தகமே டீசலின் உயவுக்குக் காரணம் என்பது, உண்மை போலத் தோன்றுகிறது. உயவு என்பது உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாமல் காக்கும் தன்மை. ஃபோர்டின் 7.3 லிட்டர் ஐடிஐ எஞ்சினிலும், ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எஞ்சினிலும் இருந்த ஸ்டானடைன் டிபி2 போன்ற சுழல்வகைப் பம்புகளுக்கு உள்ளே ஓடும் டீசலைத் தவிர வேறு உயவெண்ணெய் கிடையாது. சுவீடனில் 1991இல் கந்தகம் மிகக் குறைந்த முதல் வகுப்பு டீசல் அறிமுகமானபோது இத்தகைய பம்புகள் விரைவில் தேய்ந்து பழுதுற்றன. கந்தகம் இருந்தவரை உயவு இருந்தது, கந்தகம் போனதும் உயவு போயிற்று என்னும் இந்த உடன்பாட்டையும் எதிர்மறையையும் கண்டவர், அன்னுவயமும் வெதிரேகமும் ஒருங்கே அமைந்துவிட்டன என்று காரணத்தைக் கந்தகத்தின்மேல் ஏற்றினர்.

இம்முடிவைத் தடுக்கும் கருவி நியாய நூலில் நெடுங்காலமாக இருக்கிறது. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பது மெய். நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகையுண்டு என்பது பொய், ஏனெனில் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பிருந்தும் புகையில்லை. புகைக்கு வேண்டியது ஈரவிறகின் சேர்க்கை. முடிவோடு எப்போதும் உடன்நின்று, ஏதுவோடு எப்போதும் உடன்நில்லாத இத்தகைய மறைந்த நிபந்தனையை உபாதி என்பர். டீசலின் ஈரவிறகு, அதில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் முனைவுத்தன்மையுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்கள். உலோகப் பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து காப்பவை அவையே. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் செயல்முறை அவற்றையும் உடன் அழித்துவிடுவதால், இரண்டும் ஒருங்கே மறைந்தன. ஒருங்கே மறைந்தவற்றுள் ஒன்று மற்றொன்றின் காரணமாகக் கொள்ளப்பட்டது. தாவர எண்ணெயிலிருந்து பெறும் பயோடீசலில் கந்தகம் இல்லை என்று சொல்லுமளவுக்கே உள்ளது. எனினும் அதை 2 விழுக்காடு கலந்தால் உயவு மீள்கிறது. இந்த ஒரு செய்தியே கந்தகத்தின் மேல் ஏற்றிய காரணத்தன்மையை நீக்கப் போதுமானது. நெய்ப்பு என்னும் குணம் நீருக்கே உரியது, எண்ணெயில் காணப்படும் நெய்ப்பும் அதிலுள்ள நீரின் பகுதியால் வந்தது என்று வைசேடிகர் கூறியதை இன்றைய வேதியியல் ஏற்காது. ஆயினும், ஒரு பொருளில் தோன்றும் குணத்துக்கு அதனுள் கலந்த வேறொன்றே உறைவிடமாக இருக்கலாம் என்ற அவர்களது ஐயம் சரியான திசையில் சென்ற ஐயம்.

டீசல் மாறியபோது பழைய பம்புகளில் தோன்றிய கசிவைப் பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். பழைய டீசலிலிருந்த அரோமேட்டிக் சேர்மங்கள் நைட்ரைல் ரப்பர் வளையங்களை உப்பவைத்து வந்தன. 1993இல் டீசலின் கலவை மாறியதும், முதுமையால் இறுகிய வளையங்கள் சுருங்கிப் பம்புகள் ஒழுகின. பழி புதிய டீசலின் மேல் விழுந்தது. புதிய வளையங்கள் அதே டீசலில் ஒழுகாமல் நின்றன.

சேர்க்கைப் பொருள்கள் அனைத்தையும் ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாயினும் அவை செய்யும் பணி ஒன்றன்று. உயவுச் சேர்க்கை, இழந்ததை ஈடுசெய்வது. அமெரிக்கத் தரவிதி 2005 முதல் இதை வழங்குவோரின் கடமையாக்கி, 60 பாகை வெப்பத்தில் எஃகுக் குண்டை எஃகுத் தகட்டின்மேல் 75 நிமிடம் உரசும் சோதனையில், தேய்ந்த வடு 520 மைக்ரானுக்கு மிகலாகாது என வரையறுத்தது; ஐரோப்பிய வரம்பு 460 மைக்ரான். ஆகவே விற்பனை நிலையத்திலிருந்து வரும் தெளிந்த டீசலில் உயவுத்தன்மை விதிப்படி முன்பே சேர்ந்திருக்கிறது. குளிர்காலச் சேர்க்கையின் பணி வேறு. சாலையில் பெரிதும் வழங்கும் இரண்டாம் எண் டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிரில் அது படிகமாகி டீசல் மங்கத் தொடங்கும் வெப்பநிலையை முகிற்புள்ளி என்பர். சேர்க்கைப் பொருள் அம்மெழுகை நீக்குவதில்லை, கரைப்பதுமில்லை. படிகங்கள் பெரிய தகடுகளாக வளராமல் நுண்ணியவாக நின்று வடிகட்டியின் துளைகளைக் கடந்து செல்லும்படி அவற்றின் வடிவை மாற்றுகிறது. மெழுகு உறைந்தபின் ஊற்றினால் பயனில்லை. மெழுகு குறைந்த முதலாம் எண் டீசலைக் கலப்பதோ பொருளையே மாற்றுவது; அதற்கு விலையாக ஆற்றலும் உயவும் சற்றுக் குறையும். சீட்டேன் எண், அதாவது உட்செலுத்திய டீசல் எத்துணை விரைவில் தானே பற்றும் என்பதன் அளவு, அமெரிக்காவில் குறைந்தது 40, ஐரோப்பாவில் 51. இதை உயர்த்தச் சேர்க்கும் எத்தில்ஹெக்சைல் நைட்ரேட் கச்சா எண்ணெயில் இல்லாத ஒன்று. ஈடுசெய்தல், வடிவை மாற்றுதல், புதிதாகத் தருதல் ஆகிய மூன்றையும் ஒரே புட்டியில் அடைத்து, எஞ்சினின் இளமையை மீட்பதாக விளம்பரம் செய்வது, குணத்தையும் செயலையும் குழப்பும் பழைய தருக்கப் பிழை.

இழந்த உயவை மீட்கக் கழிவு எஞ்சின் ஆயிலையும், குளிரில் உறையாதிருக்கப் பெட்ரோலையும் சிலர் தாமே கலப்பது இவற்றினும் கேடானது. முன்னது கரியையும் உலோகத்துகளையும் பம்புக்குள் கொண்டுசேர்க்கிறது. பின்னது எளிதில் தீப்பற்றும் ஆபத்தை உண்டாக்கி, காக்க முயன்ற உயவையும் குறைக்கிறது. 1994 முதல் 1998 வரை டாட்ஜ் டிரக்குகளில் வந்த கம்மின்ஸ் எஞ்சினின் பாஷ் பி7100 பம்பு, பெரும்பாலும் எஞ்சின் ஆயிலாலேயே உயவு பெறும் வரிசைவகைப் பம்பு. அதற்கு உயவுச் சேர்க்கையின் தேவை மிகக் குறைவு. எனவே எந்தச் சேர்க்கை வேண்டும் என்பதைத் தீர்மானிக்க டீசலின் நிறத்தையோ வண்டியின் வயதையோ மட்டும் பார்த்துப் பயனில்லை. அந்தப் பம்பு எதனால் உயவு பெறுகிறது என்பதை அறிய வேண்டும்.

தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழில் தந்தது 18ஆம் நூற்றாண்டில். அதன்பின் எழுந்த உரைகளும் பாடநூல்களும் மலையையும் புகையையும் தாண்டிப் புதிய எடுத்துக்காட்டுகளை அரிதாகவே நாடின. அளவை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் உபாதிக்கு ஈரவிறகைச் சொல்லும்போது கந்தகம் நீங்கிய டீசலையும், தடத்தத்துக்குக் காகத்தைச் சொல்லும்போது சிவப்புச் சாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டறையில் வேலை கற்கும் மாணவனும் அவ்வகுப்பில் அமர்ந்து, தன் கை பழகிய பொருளைக் கொண்டே அந்நூலைப் படிக்க அது வழிசெய்யும்.