நாளைப் போவோர்

புனித நாட்டைக் காணவேண்டும் என்பது கீரப்பாளையம் போன்ற சிற்றூர்க் கிறிஸ்தவர்களின் நெடுநாள் கனவு. தமிழக அரசு 2011இல் எருசலேம் பயணத்துக்கு உதவித்தொகை அறிவித்தபின், எளியோரும் அக்கனவைத் துணிந்து காண்கின்றனர். நல்லதே.

இவ்வேக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. அருகிலுள்ள சிதம்பரத்தைக் காண ஏங்கி, நாளைப் போவேன் என்றே நாள் கழித்தவர் நந்தனார். அவரைத் தடுத்தது தொலைவன்று; சாதி. பெத்லகேமிலும் இத்தகையோர் உளர். அங்கிருந்து எருசலேம் ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. ஆயினும் அவ்வூர்ப் பாலஸ்தீனக் கிறிஸ்தவர், ஆண்டவரின் கல்லறைக் கோவிலுக்குச் செல்ல இஸ்ரயேலின் அனுமதிச்சீட்டு பெறவேண்டும். கிடைக்காதவருக்குப் பாஸ்காவும் உள்ளூரிலேதான். விமானத்தில் வந்திறங்கும் நாமோ இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறோம்!

வீட்டை நேசித்து, வீட்டாரை விசாரியாதிருப்பது நேசமாகுமா? பயணத்துக்குப் பதிவு செய்யும் அன்பர்களே, பெத்லகேம் மக்களோடு ஒரு ஞாயிறு திருப்பலி காண நேரம் ஒதுக்குவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.