இல்லத்துக்குத் திருவலகு

சைவாபிமானமுள்ள ஆசிரியர்களே,

வீடு என்னுஞ் சொல்லை முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு உதாரணமாக நாம் மாணாக்கர்க்குக் காட்டி வருகின்றோம். கெடு என்பது கேடு எனவும், படு என்பது பாடு எனவும், சுடு என்பது சூடு எனவும் நீண்டாற்போல, விடு என்பது வீடு என நீண்டது என்று கரும்பலகையில் எழுதி, அடுத்த உதாரணத்துக்குச் சென்றுவிடுகின்றோம். அவ்வாறு செல்லாது சிறிது நின்று சிந்திப்போமாயின், மனைவி மக்களோடு வாழும் இல்லத்தையும், ஆன்மா பாசத்தினின்று நீங்கிப் பெறும் முத்தியையும் நம் முன்னோர் ஒரு சொல்லாலேயே வழங்கினர் என்பது புலப்படும். பகலெல்லாம் உழைத்தவன் தன் இளைப்பை விடும் இடம் வீடு. பிறவிதோறும் உழன்ற உயிர் தன் மலத்தை விட்டுச் சிவனடிக்கீழ் இருத்தலும் வீடு. ஆனால் இக்காலத்து நம் இல்லங்களுட் புகுந்து நோக்குமிடத்து, அவை விடும் இடங்களாயிராது, விடாமற் பிடித்து வைக்கும் இடங்களாயே பெரும்பாலும் இருக்கக் காண்கின்றோம்.

விறாந்தையிற் கிடக்கும் கதிரைகளிலே உடுத்துக் களைந்த உடுப்புக்கள் இருக்கின்றன, வந்தவர் நிற்கின்றனர். அலுமாரியின் மேற்றட்டிலே, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி பொதிந்து வந்த கடதாசிப் பெட்டி, வெறும் பெட்டியாகவே பாதுகாக்கப்படுகின்றது. அடுக்களையிலே பொலித்தீன் பைகள் நிறைந்த பொலித்தீன் பை ஒன்று தொங்குகின்றது. பிள்ளை பாடம் எழுதுதற்கென வாங்கிய மேசையின்மீது அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் ஏறியிருக்க, பிள்ளை கட்டிலிற் குப்புறக் கிடந்து எழுதுகின்றது. மறுநாள் அப்பிள்ளையின் கையெழுத்துச் செவ்விதாயில்லை என்று நாம் கண்டிக்கின்றோம்.

நம் பாட்டன்மார் வாழ்ந்த நாற்சார் வீடுகளிற் சில இன்னும் நம் ஊர்களிலே நிற்கின்றன. அவற்றிலே பொருள்கள் குறைவு; இடம் மிகுதி. நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலுந் தாழ்வாரம், நெல்லுக்கும் பட்டுக்கும் உறுதிக்கும் ஒரு பெட்டகம், தண்ணீருக்குச் செம்பும் மூக்குப்பேணியும், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கச் சங்கடப்படலை. வறுமை அதற்குக் காரணம் என்று சொல்லுதல் பொருந்தாது. செல்வர் வீடும் அவ்வாறே இருந்தது. ஒரு பொருளைச் செய்வித்தற்குத் தச்சனையுங் கன்னானையும் நாடி நாட்கணக்காகக் காத்திருந்த காலத்திலே, வேண்டாப் பொருள் வீட்டினுட் புகுதற்கு வழியில்லை. இக்காலத்திலோ பொருள் எளிதிற் புகுகின்றது; வெளியேறுதற்கு மாத்திரம் வழியில்லை.

இனி, இதனைச் சைவ நூல்வழி ஆராய்வாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களுள் முதற்கண் வைக்கப்பட்ட சரியை, திருக்கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், விளக்கேற்றுதல் முதலியனவாம். திலகவதியம்மையார் திருவதிகையிலே திருவலகும் திருமெழுக்கும் இட்டே தம் தம்பியாருக்காக இறைவனை வேண்டினார். அத்தம்பியாராகிய திருநாவுக்கரசு நாயனார் முதுமையிலும் உழவாரப்படையைக் கையினின்று நீக்கினாரல்லர். துடைப்பத்தை நம் சமயம் இழிந்த கருவியாகக் கருதாது, திரு என்னும் அடைகொடுத்துத் திருவலகு என வழங்கியதை மாணாக்கர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

திருப்புகலூரிலே நிகழ்ந்ததைப் பெரியபுராணம் படித்த நீவிர் அறிவீர்கள். நாயனார் திருமுற்றத்தில் உழவாரத் திருப்பணி செய்துவருங் காலத்திலே, அவருடைய பற்றின்மையை உலகுக்குக் காட்டத் திருவுளங்கொண்ட சிவபெருமான், உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பருக்கைக் கற்களோடு கலந்து பொலியச் செய்தருளினார். நாயனார் அவற்றைக் கல்லின் வேறாக நினையாது, கல்லோடு சேர்த்து உழவாரத்திலே ஏந்தி வாவியில் எறிந்தார்.

இச்சரிதத்தைப் பொன்னாசையின்மைக்கு உதாரணமாகச் சொல்லி முடிப்பது வழக்கம். அஃது உண்மையே. ஆயினும் பிறிதொன்றும் இங்கே நோக்கத்தக்கது. நாயனார் அம்முற்றத்திலே ஒரு பொருளைக் கண்டபோது, இது விலையுயர்ந்ததா, விலைகுறைந்ததா என்று வினாவினாரல்லர். அடியார் பாதம் படும் இவ்விடத்திலே இது கிடக்கத்தக்கதா என்பதொன்றே அவருடைய வினா. நாமோ இல்லத்தைத் துப்புரவு செய்யப் புகுந்தால், கையிலெடுத்த ஒவ்வொன்றையும் நோக்கி, இதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கிடுகின்றோம். கொடுத்த பணம் பொருளை வைத்திருப்பதனால் மீளுவதன்று. உடைந்த தையல் இயந்திரம் மூலையிலிருக்க, அதன் விலை நம் மனத்தில் இருக்கின்றது. இடத்தை அடைப்பது இயந்திரம், அமைதியை அடைப்பது விலை. யான், எனது என்னும் இருவகைப் பற்றுள் எனது என்பது எத்துணை நுண்ணிதாய் வேலைசெய்கின்றது என்பதைச் சித்தாந்த வகுப்பிற் படிப்பதினும், பழைய அலுமாரி ஒன்றைத் திறந்து பார்த்து விரைவில் அறியலாம்.

இவ்விடத்திலே நம் தேசத்துக்கே உரிய ஒரு துன்பத்தை மறந்து பேசுதல் தகாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அன்று ஒவ்வொரு குடும்பமும் சில நாழிகையுள், எதை எடுப்பது, எதை விடுவது என்று துணியவேண்டியதாயிற்று. பெரும்பாலோர் எடுத்தவை காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் சோதனைச் சான்றிதழ், கொஞ்சம் அரிசி, மாற்றுடை என்பனவே. மீண்டு வந்தபோது கதவுமில்லாத வீடுகளைக் கண்டவர் பலர். அவ்வாறு ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர், பின்பு ஒரு வெறும் போத்தலையும் எறியத் துணியாராயின், அதனை அறியாமை என்று இகழலாமோ? அச்சம் பொருளின் உருக்கொண்டு அவர்கள் வீட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றது. ஆதலின், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனோ மகளோ, தாயார் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அறையை வெறிதாக்கிவிடுதல் பெரும் பிழையாம். அத்தாயார் அன்று இரவு உறங்கார். பக்கத்திலிருந்து, "அம்மா, இதை யாருக்குக் கொடுப்போம்?" என்று கேட்டு, அவர் கையாலேயே கொடுப்பித்தல் வேண்டும். எறி என்றால் மறுப்பவர், கொடு என்றால் இசைவர். முதியோர் நடக்கும் வழியிற் கிடப்பனவற்றை மாத்திரம் தாமதியாது ஒதுக்குங்கள். இரவிலே கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிதல் அவர்களுடைய எஞ்சிய வாழ்நாளையே மாற்றிவிடும்.

எங்கே தொடங்குவது என்று வினாவுவீர்களாயின், சுவாமியறையிலே தொடங்குக என்பேன். சைவர் வீட்டிலே தூய்மை மிக்கதாயிருக்க வேண்டிய அவ்வறையே மிகவும் நெருக்குண்டு கிடப்பதைப் பல இடங்களிற் கண்டிருக்கின்றேன். சென்ற ஆண்டுகளின் நாட்காட்டிகள், விநாயகர் உருவம் பொறித்த கலியாண அழைப்பிதழ்கள், எந்தக் கோயில் விபூதி என்று அறியப்படாத பொட்டலங்கள், கண்ணாடி உடைந்த படங்கள் ஆகிய எல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. எறிதல் பாவமென்று அஞ்சி வைக்கின்றார்கள், வைத்தபின் நோக்குகின்றார்களில்லை. தூசு படிந்து கரப்பான் ஓட விடுதல் மாத்திரம் பாவமன்றோ? சிதைந்த படங்களைக் கால்படாதவாறு நீரிற் சேர்த்தல் முன்னோர் வழக்கு. அவ்வாறு செய்யுங்கால் கண்ணாடியையும் சட்டத்தையும் பிளாஸ்ரிக் உறையையும் கழற்றிவிடுதல் அவசியம். அவற்றோடு கடலில் எறிதல் மீனுக்கும் கேடு, கடலாடுவோர் காலுக்கும் கேடு. கடதாசியாயின் தூய இடத்திலே எரித்துச் சாம்பலை மரத்தடியிற் சேர்க்கலாம். நிர்மாலியப் பூக்களை நாள்தோறும் செடியடியில் இடுக. குலதெய்வத்துக்கு ஒரு படம், வழிபடு மூர்த்திக்கு ஒரு படம், ஒரு குத்துவிளக்கு, விபூதிமடல், தேவாரப் புத்தகம் என இவ்வளவு இருந்தால், குடும்பத்தார் அனைவரும் அவ்வறையில் உட்கார இடம் உண்டாகும். மாலையிற் பிள்ளைகள் தேவாரம் பாடுவதில்லை என்று வருந்தும் பெற்றோரிடம், பிள்ளை எங்கே உட்கார்ந்து பாடுவது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகைப் பொருளும் நம் வீடுகளில் உண்டு. கனடாவுக்கோ இலண்டனுக்கோ சென்ற தமையனும் மைத்துனியும், "வந்து எடுத்துக்கொள்வோம்" என்று விட்டுப்போன பயணப்பெட்டிகள். இவை அடைக்கலப்பொருள்கள், நம் விருப்பப்படி கழித்தற்குரியனவல்ல. சிவயோகியார் ஒப்புவித்த ஓடு காணாமற்போக, திருநீலகண்ட நாயனார் வீடெங்குந் தேடி உள்ளம் நடுங்கியதை நினைக்குக. அது வெறும் மண்ணோடேயாயினும் பிறர் பொருள். ஆனால் அடைக்கலம் வைத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. முப்பது ஆண்டாகத் திறவாத பெட்டியைத் தொலைபேசி வழியே காட்டி, உள்ளிருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, எதை வைப்பது, எதை ஏழைகளுக்கு ஈவது என்று அவர் வாயாற் சொல்லப் பெறுவதில் என்ன தடை? தடை நாணமேயன்றி வேறில்லை.

கழிக்கத் துணிந்தவர் மிகுதியாய்க் கழித்துவிடுதலும் உண்டு. அது குறித்தும் எச்சரிக்கின்றேன். பரணிலும் பெட்டகத்தடியிலுங் கிடக்கும் ஏட்டுச்சுவடி, கையெழுத்துப் புத்தகம், பழைய சமயப் பத்திரிகை, பாடசாலை மலர் ஆகியவற்றை அறியாதார் குப்பையோடு சேர்ப்பர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சிட்டது, அழியுந் தறுவாயிலிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டியதனாலன்றோ? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அங்கே சாம்பலான ஒரு நூலின் மறுபிரதி உங்கள் அயல்வீட்டுப் பரணில் இருத்தல் கூடும். 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் இத்தகையவற்றைப் படியெடுத்து யாவரும் படிக்க வைத்துள்ளது. ஏட்டை ஒருவர் கழிக்க எடுத்தால், கிராமத்தில் அதைத் தடுக்கத்தக்கவர் ஆசிரியராகிய நீவிரே.

அடியேன் பாதிரிமார் நிறுவிய பாடசாலையிற் படித்தவன். மேசையும் பெட்டியும் புத்தகமும் அததற்குரிய இடத்திலே இருத்தல் வேண்டுமென்று அங்கே வற்புறுத்திக் கற்பித்தனர், அதற்கு நன்றியுடையேன். ஆயினும் ஒழுங்கு என்பது புறச்சமயத்தார் கொணர்ந்தது என்றும், சைவர் வீடு இப்படித்தான் இருக்கும் என்றும் நம்மவருட் சிலர் நகைப்பாய்ச் சொல்வதைக் கேட்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஆறுமுகநாவலர் அவர்களும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றவரே. அங்கே கண்ட வகுப்பொழுங்கை விலக்காது, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவப்பிள்ளைகளுக்கு உரியதாக்கினார். திருவலகு நம்முடையதாயிருக்க, அதை எடுத்துப் பயன்படுத்தாமை நம் சோம்பலேயன்றிச் சமயத்தின் குறையன்று.

காலத்தைப் பற்றி ஒரு சொல். நவராத்திரிக்கு முந்திய வாரம் இப்பணிக்கு மிகப் பொருத்தமானது. புத்தகமுங் கருவியுங் கலைமகள் முன் வைத்தற்கு இடம் வேண்டும். ஆதலின் வீட்டார் மறுப்பின்றி இசைவர். அன்றியும், நவராத்திரி கழியவே வடகீழ்ப் பருவமழை தொடங்கும். கோடியிற் கிடக்கும் ரயர், பேணி, சிரட்டை, தயிர்ச்சட்டி ஆகியவற்றிலே தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடுகின்றது. 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவராகப் பதியப்பட்டனர். வீட்டினுள்ளிருந்து கழித்தவற்றைக் கோடியிற் குவித்து, வீடு தூய்தாயிற்று என்று எண்ணுவோர் இதனை நன்கு கவனிப்பாராக.

ஒரே நாளில் முடிக்க முயலவேண்டாம். முயன்றோர் நடுவே களைத்து, எல்லாவற்றையும் முன்னிலுங் கேடாகத் திணித்துவிடுகின்றனர். நாளொன்றுக்கு ஒரு தட்டு, அல்லது ஒரு பெட்டி. சுவாமியறைக்குப் பின் பிள்ளையின் மேசை, அதன்பின் வந்தவர் இருக்கும் விறாந்தை. பாடசாலையிலே நம் அலுமாரிகளையும் அவ்வாரத்திலேயே திறப்போம். பழைய விடைத்தாள்களை நீக்கினால் ஒரு தட்டு முழுதும் ஒழியும். விஜயதசமியன்று ஏடு தொடக்க வருங் குழந்தைகளின் பெற்றோர், வீட்டில் இரட்டித்திருக்கும் நல்ல கதைப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவருவாராயின், அத்தட்டிலே அடுக்கலாம்.