வலி போன பிறகு

2012 ஆகஸ்ட் 7, லண்டன் ஒலிம்பிக். ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் முதல் சுற்று. சீனாவின் லியூ ஷியாங் முதல் தடையிலேயே இடறி விழுந்தார். 2004இல் ஏதென்ஸில் தங்கம் வென்றவர். 2008இல், சொந்த மக்கள் நிறைந்திருந்த பெய்ஜிங் அரங்கில், குதிகால் வலியால் ஓடாமலே திரும்பியவர். அறுவை சிகிச்சை முடிந்து மீண்டு வந்து, லண்டனுக்கு இரண்டு மாதம் முன்புதான், காற்றின் துணையோடு என்றாலும், 12.87 விநாடியில் ஓடியிருந்தார். லண்டனில் அன்று அவருடைய அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. ஒற்றைக் காலில் நொண்டியடித்தே எல்லை வரை போனார். கடைசித் தடைக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் குதிகாலைத்தான் நினைப்பார்கள். எனக்கு நினைவு போவது அதற்கு மேலே, கெண்டைச்சதைக்கு.

கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்த அக்கிலிஸ் தசைநாண்தான் உடலிலேயே தடித்தது. ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறு மடங்கு இழுவிசையைக்கூடத் தாங்கும். ஒவ்வோர் அடியிலும் ஸ்பிரிங் போல நீண்டு, வாங்கிய விசையைத் திருப்பித் தரும். காயம் நாள்பட்டால் அது தடிக்கும். ஆனால் விறைப்பு குறைந்துவிடும். தொய்ந்த கயிற்றில் நீர் இறைப்பவருக்கு, தொய்வை இழுக்கவே பாதித் தெம்பு போய்விடும். சதையின் பாடும் அதுதான்: அதிகம் சுருங்கவேண்டும், சீக்கிரம் களைத்துப்போகும். போதாக்குறைக்கு, வலிக்கு அஞ்சிய நரம்பு மண்டலம் சதையை முழு மூச்சாக வேலை செய்யவும் விடுவதில்லை. காயம் பட்டது நாணில். தேய்வது ஒரு குற்றமும் செய்யாத சதை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சுவரில் இரண்டு விரலை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை ஏற்றி இறக்கச் சொல்வார் பிசியோதெரபிஸ்ட். நல்ல கால் இருபதைத் தாண்டியும் ஏறும். மற்றக் காலில் எண்ணிக்கை கூடக் கூட, குதிகால் ஒவ்வொரு நூலாகத் தாழும். முழங்கால் மடங்கும். விரல்கள் சுவரை அழுத்தத் தொடங்கும்.

“வலிக்குதா தம்பி?”

“இல்ல சார், வலியே இல்ல.”

அவன் பொய் சொல்லவில்லை. வலி போய்விட்டது, வலு வரவில்லை.

ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் அல்ஃபிரட்சன் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், இதே நாணில் நாள்பட்ட காயம் கொண்ட 15 ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். ஓய்வு அவர்களைத் தேற்றியிருக்கவில்லை. காயப்பட்ட காலின் கெண்டைச்சதை மற்றதைவிட வலு குறைந்தே இருந்தது. படி ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னார்கள்: நாளைக்கு 180 முறை, 12 வாரம். லேசாக வலித்தாலும் நிறுத்தக் கூடாது. வலி விட்டதும் முதுகுப் பையில் எடை ஏற்றவேண்டும். முடிவில் இரண்டு காலின் வலுவும் சமமானது. பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள்.

எந்தப் பாரம் நாணை நோகடித்ததோ, அந்தப் பாரமே அளவாக, மெதுவாக, தினமும் வந்தபோது மருந்தானது. ஓய்வு நோவைத் தணிக்கும், அவ்வளவுதான். கால் இழந்த வலுவைக் கால்தான் உழைத்து மீட்கவேண்டும்.

பயிற்சியாளர்களே, “வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்து அனுப்புங்கள்.