சமமாக இருப்பதும் சமமாகத் தெரிவதும்

ஓவியத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் மவுண்ட் அட்டையின் நான்கு ஓரங்களையும் ஒரே அகலத்தில் வெட்டினால், கீழ் ஓரம் குறுகலாகத் தெரியும். படம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதுபோல இருக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் எந்தப் பிழையும் இராது. அதனால் சட்டம் போடுபவர்கள் பலரும் கீழ் ஓரத்தைச் சற்று அகலமாக விடுகிறார்கள். மேலேயும் பக்கங்களிலும் 7 செ.மீ. என்றால் கீழே 8 செ.மீ. அப்போது படத்தின் மையம் சட்டத்தின் மையத்தைவிட அரை செ.மீ. மேலே ஏறுகிறது, கண்ணுக்கு அதுதான் நடு. இந்த அரை செ.மீ. ஒரு பழைய தத்துவக் கேள்வியை எழுப்புகிறது: சமம் என்பது அளந்து கண்டதா, பார்த்து உணர்ந்ததா?

செங்குத்தான கோடு ஒன்றின் நடுப்புள்ளியைக் கண்மதிப்பில் குறிக்கச் சொன்னால், பெரும்பாலோர் உண்மையான நடுவுக்குச் சற்று மேலேயே குறிப்பார்கள். அச்செழுத்தை வடிவமைப்பவர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள். அச்சிட்ட 8 என்ற எண்ணில் மேல் வளையம் கீழ் வளையத்தைவிடச் சிறியது. தாளைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். நிறமும் அளவை மாற்றுகிறது. ஒரே பரப்புள்ள வெள்ளையும் கறுப்பும் அருகருகே இருந்தால் வெள்ளை பெரிதாகத் தோன்றும். ஆகவே அடர்ந்த நிற ஓவியத்தைச் சுற்றிய வெள்ளை மவுண்ட், வெட்டிய அகலத்தைவிட அகலமாகவே கண்ணில் படும்.

இப்படிக் கண்ணுக்கு இசைய அளவை மாற்றுவது பொய்யா? பிளேட்டோ அப்படித்தான் கருதினார். ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் அவர் உருவம் படைக்கும் கலையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, மூலத்தின் விகிதங்களை அப்படியே காப்பது. மற்றொன்று, பெரிய சிலைகளின் மேற்பகுதி தொலைவினால் சிறுத்துத் தெரியும் என்று அதைப் பெரிதாக்கிச் செய்வது. இரண்டாவது வகையினர் உண்மையைக் கைவிட்டு அழகாகத் தோன்றுவதைத் தேர்ந்தவர்கள் என்பது அங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டு. ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் அவரே மருந்தும் சொல்கிறார்: நீரில் வளைந்து தெரியும் கோலைப் போன்ற மயக்கங்களிலிருந்து அளத்தல், எண்ணுதல், நிறுத்தல் ஆகியவை மனிதரைக் காக்கும்.

ஆனால் மவுண்ட் அட்டையில் அந்த மருந்து வேலை செய்வதில்லை. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை, அறிவில் நேரும் எட்டுக் குறைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் திரியக்கோடல் என்பது ஒன்றை மற்றொன்றாக அறிவது. சிப்பியை வெள்ளி என்று கொள்வது அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் மீண்டும் அதை வெள்ளி என்று எண்ணமாட்டார். ஓரங்களை அளந்து நான்கும் 7 செ.மீ. என்று உறுதிசெய்தவருக்கோ, நிமிர்ந்து பார்த்த மறுகணமே கீழ் ஓரம் மறுபடி குறுகித் தெரிகிறது. 1889-இல் வெளிவந்த முல்லர்-லையர் கண்மயக்கின் இரண்டு கோடுகளும் அப்படியே: இரண்டும் ஒரே நீளம் என்று தெரிந்த பின்னும் ஒன்று நீண்டே தோன்றும். அறிவு திருந்திய பின்னும் தோற்றம் திருந்தாமல் நிற்கிறது என்றால், இங்கே தவறு தீர்ப்பில் இல்லை. பார்வையின் அமைப்பே அப்படி. அதைத் திரியக்கோடலோடு சேர்ப்பது பொருந்தாது.

கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதைப் பிளேட்டோவைவிடத் தெளிவாகப் பிடித்தார். கோயிலின் மூலைத் தூண்களைச் சுற்றி வெறும் வெளியே இருப்பதால் அவை மெலிந்து தெரியும். ஆகவே அவற்றின் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும் என்றார். கண் குறைப்பதைக் கணக்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் வாதம். அளவு கைவிடப்படவில்லை, பார்ப்பவரையும் உள்ளடக்கிய அளவாக அது விரிகிறது. மவுண்ட் அட்டையில் இந்த வாதத்துக்கு இன்னும் வலு உண்டு. அட்டை கண்ணாடியை ஓவியத்தில் ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் கனம் போதும். அகலம் முழுக்க முழுக்கக் கண்ணுக்காகவே இருக்கிறது. பார்க்கப்படுவதற்கென்றே இருக்கும் ஒன்றில் பார்வைச் சமமே உண்மையான சமம்.

கண்ணுக்காக அளவை மாற்றும் இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. தத்துவஞானி கான்ட் 1790-இல் எழுதிய ‘தீர்ப்புத்திறன் பற்றிய விமர்சனம்’ நூலில் படச்சட்டத்தைப் படைப்போடு சேர்ந்திருந்தும் அதன் உறுப்பாகாத அணி என்று வகுத்தார். அது தன் வடிவத்தால் படைப்புக்குத் துணைசெய்யலாம். கவர்ச்சியால் மெச்சுதலை வாங்க வைத்த தங்கச்சட்டமோ வெறும் ஒப்பனையாகி, அழகைக் குறைத்துவிடும். மவுண்டுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். கீழ் ஓரத்தின் கூடுதல் அகலம் பார்ப்பவர் கவனத்துக்கு வந்துவிட்டால், திருத்தம் அலங்காரமாக மாறிவிடுகிறது.

ஓவியரே மையத்தை நகர்த்தியிருந்தால் சட்டமிடுபவரின் கணக்கு இன்னும் கடினம். ஜோசப் ஆல்பெர்ஸ் 1950 முதல் வரைந்த ‘சதுரத்துக்கு வணக்கம்’ ஓவியங்களில், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த சதுரங்கள் வேண்டுமென்றே கீழ்நோக்கி இறங்கியிருக்கும்: கீழ் இடைவெளி 1 என்றால் பக்கத்தில் 2, மேலே 3. அந்த இறக்கம் ஓவியத்தின் பொருளைச் சேர்ந்தது. அதைச் சுற்றிக் கீழ் ஓரம் அகன்ற மவுண்டை வைத்தால், ஓவியர் கீழே இறக்கியதை அட்டை மேலே தூக்கும். இரண்டு திருத்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும். அங்கே நான்கு ஓரங்களையும் அளவுகோல்படி ஒன்றாகவே வெட்டுவது நல்லது.